கேலரி உலா: விக்ரோலியிலிருந்து காலா கோடா எவ்வளவு தூரம்?

ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் மும்பைக்காரர்களின் இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரி படங்கள் ஓட ஆரம்பிக்கும். வெள்ளைச் சுவரில் ஒரு பெரிய ஓவியம், அதன் முன்னால் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவர். அடுத்த படத்தில் தெரு நடுவில் ஆளுயரச் சிற்பம், சுற்றிலும் செல்ஃபி கூட்டம். ஆபீஸில் யாராவது ஒருவர் "இந்த வாரம் கேலரி ஹாப்பிங் போலாமா?" என்று கேட்டிருப்பார். அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் போகலாம் என்றும் சொல்லியிருப்பார்.

உண்மைதான், யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் விக்ரோலி, காட்கோபர், பாண்டுப் பக்கம் வேலை பார்க்கும் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நடுவில் 20 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை இருக்கிறது. வேலை நேரம், புரியாத ஆங்கிலம், கொஞ்சம் தயக்கம் எல்லாம் இருக்கின்றன. இதெல்லாம் தனிப்பட்ட சோம்பல் பற்றிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. தாராவியின் ஒரு பகுதி மக்களை நகரத்தின் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பும் திட்டம் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், நகரத்தின் கலை எங்கே நடக்கிறது, அங்கே யாரால் போக முடிகிறது என்பது கொள்கை சார்ந்த கேள்வியாகவே மாறியிருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

கேலரி உலான்னா என்ன?

சென்னை மார்கழியைத் தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. காலையில் ஒரு சபா, மதியம் இன்னொரு சபா, நடுவில் கேன்டீனில் டிபன் என்று ஒரே நாளில் சுற்றுவார்களே, அதே கதைதான். மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: கணபதி நாட்களில் ராத்திரி முழுக்க மண்டல் மண்டலாகப் போவது போல. இங்கே கச்சேரிக்கும் கணபதிக்கும் பதில் ஓவியம், சிற்பம், புகைப்படம், வீடியோ. கொலாபாவுக்கும் ஃபோர்ட்டுக்கும் நடுவில் கேலரிகள் நடந்தே போகும் தூரத்தில் இருப்பதால், ஒரு மாலையில் மூன்று நான்கு பார்த்துவிடலாம்.

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு.

முதலாவது, காலா கோடா கலை விழா. 1999-இல் ஆரம்பித்தது, 2025-இல் 25-ஆவது பதிப்பைக் கொண்டாடியது. ஒன்பது நாள், பெரும்பாலும் தெருவில். ராம்பார்ட் ரோவில் நிறுவல் கலை, தோட்டங்களிலும் அரங்குகளிலும் இசை, நாடகம், சினிமா, இலக்கியம் என்று எல்லாம் கலந்து நடக்கும். காலா கோடா என்றால் கருப்புக் குதிரை. ஏழாம் எட்வர்டு மன்னர் குதிரை மீது அமர்ந்திருந்த கருஞ்சிலை இங்கே நின்றதால் வந்த பெயர். 1965-இல் சிலை பைகுல்லா பக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 2017-இல் மன்னர் இல்லாத, குதிரை மட்டும் உள்ள புதுச் சிலையை வைத்தார்கள்.

இரண்டாவது, மும்பை கேலரி வீக்எண்ட். 2012-இல் தொடங்கியது. ஜனவரியில் வியாழன் முதல் ஞாயிறு வரை, தனியார் கேலரிகள் பலவும் ஒரே நேரத்தில் புதுக் கண்காட்சிகளைத் திறக்கும். வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்திருக்கும். ஓவியர்களே கூட நடந்து வந்து விளக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. 'ஆர்ட் நைட் தர்ஸ்டே' என்று மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தெற்கு மும்பை கேலரிகள் இரவு வரை திறந்திருக்கும் வழக்கமும் இதே சிந்தனையில் வந்ததுதான்.

மூன்றாவது, ஆர்ட் மும்பை. 2023 நவம்பரில் மகாலக்ஷ்மி ரேஸ்கோர்ஸில் ஆரம்பித்தது. இது கலைச் சந்தை. பல கேலரிகள் ஒரே கூரைக்குக் கீழே ஸ்டால் போட்டு விற்கும் இடம், இதற்கு டிக்கெட் உண்டு.

இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது முதல் இரண்டைப் பற்றி.

இலவசம்னா செலவு யாருடையது?

காலா கோடா விழாவை நடத்துவது 1998-இல் உருவான காலா கோடா அசோசியேஷன். விளம்பரதாரர்களிடம் பணம் திரட்டி விழா நடத்துகிறார்கள். அந்தப் பகுதியின் பழைய கட்டடங்களைப் பராமரிப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று. ஆகவே இது ஒரு நகர விழா போலத் தெரிந்தாலும், ஒரு குறிப்பிட்ட பகுதிக்கான விழா. அது தன் தெருவில் நடப்பதில் தப்பே இல்லை.

கேலரிகளின் கணக்கு வேறு. அவை வியாபார நிறுவனங்கள். விற்ற படத்தின் விலையை ஓவியரும் கேலரியும் வழக்கமாகப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். உள்ளே வரும் 100 பேரில் ஒருவர் வாங்கினாலே வாடகை, விளக்கு, ஆள் சம்பளம் எல்லாம் தேறிவிடலாம். மற்ற 99 பேருக்குக் கதவைத் திறந்து வைப்பதில் அவர்களுக்கும் லாபம் உண்டு: கண்காட்சியைப் பார்த்தவர் பேசுவார், எழுதுவார், பத்து வருஷம் கழித்து வாங்கவும் செய்வார்.

வாங்கும் பணம் இப்போது பெரிய அளவில் புழங்குகிறது. எம்.எஃப். ஹுசைன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. நவீன இந்திய ஓவியத்துக்கு அதுவரை கிடைத்த அதிகபட்ச விலை அது. இப்படி ஒரு செய்தி வந்ததும் கலை என்றாலே முதலீடு என்ற பேச்சு கூடிவிடும். அதே வேகத்தில் "நமக்கு அங்கே என்ன வேலை" என்ற தயக்கமும் கூடிவிடும். விலை தெரிந்த பொருளின் முன்னால் சாதாரணமாக நிற்பது சிரமம்தான்.

முன்பு இந்தத் தயக்கத்தைக் குறைக்க ஒரு இடம் இருந்தது. 1952-இல் திறந்த ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்குள் 1964 முதல் 'சமோவார்' என்ற சிறிய கஃபே நடந்தது. ஓவியர், மாணவர், வேலை தேடுபவர், மழைக்கு ஒதுங்கியவர் எல்லோரும் ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த இடம். 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. ஜஹாங்கீர் வாசலில் நடைபாதை ஓவியர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே போகத் தயங்குபவர் முதலில் நின்று பார்க்கும் இடம் இப்போது அதுதான்.

ஏன் எல்லாமே தெற்கு முனையில்?

வரலாறு ஒரு காரணம். ஜே.ஜே. கலைப் பள்ளி 1857-இல் வந்தது, பாம்பே ஆர்ட் சொசைட்டி 1888-இல். அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகம், ஜஹாங்கீர், பிறகு 1996-இல் தேசிய நவீன கலைக்கூடத்தின் மும்பைக் கிளை எல்லாம் அந்த ஒரு முனையில் சேர்ந்துவிட்டன. 1963-இல் கெக்கு காந்தி தொடங்கிய கெமோல்டு கேலரி முதலில் ஜஹாங்கீர் மாடியிலேயே இருந்தது. 2007-இல்தான் ஃபோர்ட்டில் பிரெஸ்காட் ரோடுக்கு இடம் மாறியது. சென்னையில் 1984-இல் ஆரம்பித்த சாக்ஷி கேலரியும் பிறகு மும்பைக்குத்தான் வந்தது. வாங்குபவர்கள் இங்கே இருந்தார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம்.

கட்டடமும் ஒரு காரணம். துறைமுக நகரத்தின் பழைய குடோன்கள், அச்சகங்கள், உயர்ந்த கூரை உள்ள மாடிகள் கொலாபா பக்கம் இருந்தன. பெரிய படம் மாட்ட உயரமான சுவர் வேண்டும். அது அங்கே கிடைத்தது.

புறநகரில் கேலரியே இல்லை என்று சொல்ல முடியாது. பாந்த்ராவில் சில இருக்கின்றன. தானேயில் மாநகராட்சியின் கலா பவன் இருக்கிறது. முலுண்டில் காளிதாஸ் நாட்டிய மந்திர் நாடகத்துக்கு இருக்கிறது. ஆனால் சயானிலிருந்து முலுண்ட் வரை மத்திய ரயில் பாதையில் வாழும் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு மாலை நடந்து நடந்து பார்க்கும்படி நாலு இடம் சேர்ந்தாற்போல் கிடையாது. இருந்த இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. செம்பூரில் ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ 2017-இல் தீப்பிடித்து, 2019-இல் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸிடம் விற்கப்பட்டு, வீடுகள் கட்டும் மனையானது.

விக்ரோலியிலிருந்து கிளம்பினால்: ஒரு மாலையின் கணக்கு

சாதாரண நாளில் கேலரிகள் காலை 11 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும். ஞாயிறு விடுமுறை. இந்த நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்க்கும் ஒருவருக்கு மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். சனியும் வேலை என்றால் அதுவும் இல்லை. ஆக, மாலை உலா என்பது வெறும் அலங்காரம் இல்லை, சம்பளக்காரருக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் ஒரே கதவு அது.

இப்போது கணக்கு. விக்ரோலியில் 6.30-க்கு வேலை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஸ்லோ லோக்கல் மட்டும்தான் நிற்கும். 6.45-க்கு வண்டி பிடித்தால் சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர முக்கால் மணி நேரம், அதாவது 7.30. அங்கிருந்து காலா கோடா 15 முதல் 20 நிமிட நடை. 7.50-க்கு முதல் கேலரி. 9.30 வரை திறந்திருந்தால் கையில் 100 நிமிடம். ஒரு இடத்துக்கு 25 நிமிடம், நடை 5 நிமிடம் என்றால் மூன்று கேலரி தாராளமாகப் பார்க்கலாம். 8 மணிக்கே மூடினால் ஒன்றுகூடத் தேறாது. ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பதில் ஒரு முழு ரயில் பாதையே உள்ளே வருகிறது அல்லது வெளியே நிற்கிறது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. மாலை நெரிசல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான். விக்ரோலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் வண்டியில் அந்த நேரத்தில் மூச்சு விட இடம் இருக்கும். திரும்பும்போது 9.30 தாண்டிவிட்டால் கூட்டமும் ஓரளவு இறங்கியிருக்கும். நள்ளிரவு வரை வண்டி உண்டு, டிக்கெட்டுக்கு ஒரு கட்டிங் சாய் காசுதான். தெற்கு மும்பையில் ஆட்டோ ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நடை அல்லது டாக்ஸி.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி வராது. ராத்திரி 11 மணிக்கு விக்ரோலி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டிய பெண்ணுக்கு, வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவருக்கு, ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு 100 நிமிடம் என்பது இன்னும் சுருங்கிவிடும். தூரத்தை கிலோமீட்டரில் அளப்பதைவிட, வீடு திரும்பும் நேரத்தில் அளப்பதுதான் மும்பையில் சரி.

விக்ரோலியிலும் ஒன்று இருந்தது

"புறநகரில் யார் வருவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு விக்ரோலியே பதில் வைத்திருக்கிறது. விக்ரோலி கிழக்கில் பெரும்பகுதி நிலம் கோத்ரெஜ் குடும்பத்திடம் இருப்பது. 1940-களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் ஏலத்தில் வாங்கியது. முதல் பொதுத் தேர்தலுக்கான லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகள் இங்கேதான் செய்யப்பட்டன.

அந்த வளாகத்தில் 2011-இல் பர்மேஷ் ஷஹானி 'கோத்ரெஜ் இந்தியா கல்ச்சர் லேப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சொற்பொழிவு, சினிமா, விவாதம். அனுமதி இலவசம், வேலை முடிந்து அப்படியே கீழே இறங்கி வந்தால் போதும். 'விக்ரோலி ஸ்கின்' என்ற நிகழ்வில் ஓட்டம் நின்ற ஒரு ஆலைக் கட்டடத்தின் சுவர்களையே ஓவியர்களுக்குக் கொடுத்தார்கள். 2017-இல் நாட்டுப் பிரிவினையின் 70-ஆவது ஆண்டில் நினைவுகளின் தற்காலிக அருங்காட்சியகம் ஒன்றையும் வைத்தார்கள். கொலாபாக்காரர்கள் முதல் தடவையாக விக்ரோலிக்கு ரயில் ஏறினார்கள். தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்திருக்கும்.

பத்தாண்டு அளவுக்கு ஓடியபின் அந்த லேப் நின்றுபோனது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு தனியார் நிறுவனம் விருப்பத்தோடு செய்தது, விருப்பம் வேறு பக்கம் போனதும் நிறுத்தியது. ஆனால் பாடம் இருக்கிறது. கூட்டம் வரும் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. நிற்காமல் நடக்க வேண்டுமானால் அது ஒரு நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதும் நிரூபணம் ஆகிவிட்டது.

தாராவி: பார்க்கப்படும் இடமா, பார்க்கும் இடமா?

கேலரிகளில் தாராவிக்குப் பஞ்சமே இல்லை. புகைப்படமாக, நிறுவல் கலையாக, நீலத் தார்ப்பாயாக அது அடிக்கடி வந்து போகும். தாராவிக்காரர் பார்வையாளராக வருவதுதான் அபூர்வம்.

இதை மாற்றிப் பார்த்த முயற்சிகள் உண்டு. 2015 பிப்ரவரி, மார்ச்சில் 'ஸ்நேஹா' என்ற சுகாதாரத் தொண்டு நிறுவனம் தாராவியிலேயே ஒரு பினாலே நடத்தியது. சந்துகளில் நடந்ததால் அதற்கு 'ஆலி கல்லி பினாலே' என்று பெயர். வெளியிலிருந்து ஓவியர்கள் வந்தார்கள், ஆனால் தாராவி மக்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். உடல்நலம், வீட்டு வன்முறை, தண்ணீர் என்று அவர்கள் சொன்ன விஷயங்கள்தான் கருப்பொருள். மூன்று வாரம், நம் ஆட்களே செய்து, நம் ஆட்களே வழிகாட்டிய கேலரி உலா. 2016-இல் ஒரு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் 'டிசைன் மியூசியம் தாராவி'யும் வந்தது. பானை, துடைப்பம், கிரிக்கெட் மட்டை என்று அங்கேயே செய்த பொருட்களை அங்கேயே காட்டியது.

இன்னொரு பாதையும் இருக்கிறது. மும்பை ஓவியர் சுதீர் ராஜ்பர் தொடங்கிய 'சமார் ஸ்டுடியோ', 2015-இல் மாட்டிறைச்சித் தடைக்குப் பின் வேலை குறைந்த தாராவியின் தோல் கைவினைஞர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகளும் நாற்காலிகளும் செய்கிறது. சாதியை இழிவாகச் சொல்லப் பயன்பட்ட ஒரு சொல்லையே பெயராக வைத்தார்கள். 2024 டிசம்பரில் அந்த நாற்காலிகள் மயாமியில் நடந்த உலக வடிவமைப்புக் கண்காட்சிக்கே போய்விட்டன. திருநெல்வேலிப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் தோல் தொழிலுக்காக வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் தாராவி என்பதை நினைத்தால், இது நம் கதையும்தான்.

இப்போது ஏன் இது அவசரம்?

இரண்டு விஷயங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஒன்று, மெட்ரோ. மூன்றாம் பாதை 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்தது. தாராவி ஸ்டேஷனில் ஏறினால் சுமார் அரைமணியில் ஹுதாத்மா சௌக். வெளியே வந்தால் காலா கோடா நடை தூரம். தாராவிக்கும் கேலரிக்கும் இவ்வளவு கிட்டத்தில் பாதை இதற்கு முன் இருந்ததே இல்லை.

இன்னொன்று, தாராவி மறுசீரமைப்பு. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் வென்ற திட்டம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காட்ட முடிந்தவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே, விலைக்கோ வாடகை அடிப்படையிலோ வீடு. அந்த வெளி எங்கே? மத்திய அரசு இதற்காக மாற்றித் தர ஒப்புக்கொண்ட 255.9 ஏக்கர் உப்பள நிலம் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் இருக்கிறது. ரயில் வரைபடத்தில் பாருங்கள்: விக்ரோலிக்கு அடுத்த ஸ்டேஷன் காஞ்சூர்மார்க்.

ஆக, தாராவியிலிருந்து கலை மாலைக்கு நேர் பாதை திறந்த அதே காலத்தில், அங்குள்ள பல குடும்பங்கள் அந்தப் பாதையை விட்டு விலகி நம் பக்கம் வரப்போகின்றன. அவர்கள் வந்து சேரும் இடத்தில் பள்ளி, ஆஸ்பத்திரி, தண்ணீர் வருமா என்பதுதான் முதல் கேள்வி. சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாடக ஒத்திகைக்கு, பறை பழக, படம் மாட்ட ஒரு கூடம் வருமா என்பதும் வரைபடம் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி. கட்டி முடித்த பிறகு கேட்டால் பார்க்கிங் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

சென்னையில் இதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நகர மையத்திலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கட்டிய கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அங்கே பெரிய பெரிய சுவரோவியங்கள் வரைந்து, அதைச் சென்னையின் கலை மாவட்டம் ஆக்கியது. அழகாகத்தான் இருந்தது, பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் அந்த ஊரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியின் கார்த்திகா. அவர் வளர்ந்தது கண்ணகி நகரில், பழகியது அங்குள்ள மைதானத்தில். வெளியாட்கள் வந்து பார்க்கும் சுவர் ஒரு வகை. ஊர்க்காரர் தினமும் பயன்படுத்தும் இடம் இன்னொரு வகை. இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

மும்பைத் தமிழருக்குக் கலை மாலை புதுசா?

இல்லவே இல்லை. மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கம் 1990-இல் எரிந்தும் 1998-இல் மீண்டும் எழுந்து நிற்கிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. தாத்தா, பாட்டி காலத்திலிருந்தே குடும்பத்தோடு ரயிலேறிக் கச்சேரிக்குப் போய்விட்டு மாட்டுங்காவில் காபி குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் நம்மவர்கள். அங்கும் எல்லோரும் போனதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சபாவுக்கென்று ஒரு மொழி, ஒரு உடை, ஒரு சாதி உண்டு. தாராவிப் பையன் அந்தப் படியேறத் தயங்கியதும், செம்பூர் மாமி கொலாபா கேலரிப் படியேறத் தயங்குவதும் ஒரே தயக்கத்தின் இரண்டு முகங்கள்.

சென்னையில் இந்தத் தயக்கத்தை உடைக்க இரண்டு வழிகள் வந்தன. 2007-இல் ஆரம்பித்த சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி வந்திருக்கிறது. 2015-இல் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவிலேயே விழா வைத்தார்கள். முதலாவதில் அரசு இடம் கொடுத்தது. இரண்டாவதில் ஊர் இடம் கொடுத்தது. மும்பைக்கு இரண்டும் பொருந்தும்.

மும்பை என்ன செய்யலாம்?

பெரிய பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நடக்கக்கூடிய நாலு விஷயம் போதும்.

நேரம்: மாதத்தில் ஒரு மாலையாவது 9.30 வரை, எல்லாக் கேலரிகளும், தவறாமல். எப்போதாவது நடந்தால் பழக்கம் ஆகாது.

போக்குவரத்து: பெர்லினில் 1997 முதல் நடக்கும் 'அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு'க்கு ஒரே டிக்கெட், அதிலேயே பஸ்ஸும் அடக்கம். மும்பையால் முடியாதா? கணபதி விசர்ஜன ராத்திரியில் விடிய விடிய ஸ்பெஷல் லோக்கல் விடும் ஊர் இது. மனசு வைத்தால் வண்டி ஓடும்.

மொழி: பெரும்பாலான கேலரிகளில் சுவரில் ஒட்டும் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும். அதிலும் படித்தால் தலை சுற்றும் ஆங்கிலம். மராத்தி, இந்தியில் நாலு வரி ஒட்ட ஒரு பிரிண்டர் போதும். க்யூஆர் கோடு வைத்தால் தமிழும் சேர்க்கலாம்.

இடம்: கிழக்குப் புறநகரில் ஒரு பொதுக் கூடமாவது. மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். பணம் இல்லை என்ற பதில் இங்கே எடுபடாது. காஞ்சூர்மார்க் பக்கம் புதுக் குடியிருப்புகள் வரும்போது அந்த வரைபடத்திலேயே இது இடம்பெற வேண்டும்.

முதல் தடவை போறீங்களா? கையில் வைத்துக்கொள்ள சில விஷயங்கள்

• வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பார்க்க மட்டும் வந்தேன் என்று சொல்வதில் வெட்கமும் இல்லை.

• கேலரி பெரும்பாலும் மாடியில் இருக்கும், கதவு மூடியிருக்கும். பெல் அடியுங்கள், திறப்பார்கள். மூடிய கதவைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் நிறைய பேர்.

• மேஜையில் விலைப்பட்டியல் கேட்டால் கொடுப்பார்கள். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

• "இது என்ன?" என்று கேளுங்கள். மேஜையில் இருப்பவர் பெரும்பாலும் கலை படித்த, நம் வயதுக்காரர். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து விளக்குவார்.

• ஒரு மாலைக்கு மூன்று கேலரி போதும். ஆறு பார்த்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

• ஜஹாங்கீரில் தொடங்குங்கள். அங்கே வாரா வாரம் ஓவியர்களே அரங்கை வாடகைக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். இடம் கிடைக்கப் பல வருஷம் காத்திருந்தவர்கள் அவர்கள். யாராவது வந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், பேசிக்கொண்டே இருப்பார்கள்.

• காலா கோடா விழாவில் சனி, ஞாயிறு மாலை கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. திங்கள் அல்லது செவ்வாய் போங்கள்.

• வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள். அவர்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்துவிட வேண்டாம்.

விக்ரோலியில் நான்காம் மெட்ரோ பாதை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது வாடாலாவோடு நின்றுவிடும், காலா கோடா வரை போகாது. ஆகவே இன்னும் சில வருஷத்துக்கு நமக்கு 6.45 ஸ்லோ லோக்கல்தான். அதற்குள் நம் பக்கமே பார்க்க ஒரு சுவர் வந்துவிட்டால் நல்லது. வருமா, வராதா என்பது உப்பளத்துக்கான வரைபடம் கையெழுத்தாகும் முன் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.